காணும் ஆசைக்கு எல்லை உண்டோ?

கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்தனுள் இறுதியில் நிற்பதே நம்மிற் பலருக்கும் முதலில் நழுவிப்போவது. பொருள் என்றவுடன் நிலம், வீடு, பொன், பணம் என்றே நாம் எண்ணுகிறோம். கையால் தொடாததும், பெட்டியில் பூட்டாததும், பிறர்க்குச் சிறிதும் குறைவு செய்யாததுமான ஒன்றைச் சேர்ப்பதும் மிகுபொருள் விரும்புதல் ஆகுமா? இவ்வினாவைச் சென்ற ஆண்டு நம் நண்பர் ஒருவர் நம்மிடம் கொண்டுவந்தார். கேட்டபொழுது எளியதாகவே தோன்றியது. விடை சொல்ல நமக்குப் பல மாதங்கள் ஆயின.

நண்பர் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். அவருடைய ஒரே மகன் கணிப்பொறித் துறையில் நல்ல ஊதியம் பெறுபவன். மதுவில்லை, புகையில்லை, இரவு உணவைக்கூடக் கதிரவன் மறையுமுன் முடித்துக்கொள்ளும் பழக்கம் உடையவன். அவனுக்குள்ள ஒரே ஈடுபாடு பறவைகளைக் காண்பது. இந்திய நாட்டிற் காணப்படும் பறவையினங்கள் 1,300க்கு மேல். அவற்றுள் தொள்ளாயிரத்தை அவன் கண்டுவிட்டான். எஞ்சியவற்றையும் கண்டுவிட வேண்டும் என்பது அவன் உறுதி. விடுமுறை நாள்களெல்லாம், ஊதியத்திற் பெரும்பங்கும் அதற்கே செல்கின்றன. அவன் அருணாசலப் பிரதேசத்து மலைக்காடு ஒன்றில் இருந்தபோது, நெடுநாளாக நோய்வாய்ப்பட்டிருந்த அவன் பாட்டியார், பஞ்ச நமஸ்கார மந்திரம் செவியில் ஓதப்பட, அமைதியாக உயிர் நீத்தார். பேரன் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

“சூதாடப் போனான் என்றால் தடுத்திருப்பேன். மீன் பிடிக்கப் போனான் என்றால் தடுத்திருப்பேன். பறவையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போகிறவனை எந்த அறநூலைக் காட்டித் தடுப்பது?” என்று நண்பர் கேட்டார். அவர் குரலில் சினத்தைவிடத் திகைப்பே மிகுந்திருந்தது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் உயிர்க்குழுவின் இனங்கள் அனைத்தையும் அறிந்துவிட வேண்டும் என்னும் வேட்கை புதியதன்று. ஆனால் அவ்வேட்கை கொலையின்றி நிறைவேறுவது புதியது. காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரென நாம் பள்ளியிற் படித்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், இந்தியப் பறவைகள் அனைத்தையும் தொகுத்துவிட முனைந்தவர். அவருக்காகப் பறவைகளைச் சுட்டுத் தோலுரித்து அனுப்பியவர்கள் நாடெங்கும் இருந்தனர். 1885ஆம் ஆண்டில் அவர் லண்டன் அருங்காட்சியகத்திற்கு வழங்கிய தோல்களும் முட்டைகளும் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுத எண்ணியிருந்த பெருநூலின் கையெழுத்துப் படிகளைச் சிம்லாவில் வேலையாள் ஒருவன் பழைய காகிதமாக விற்றுவிட்டான். பிற்காலத்தில் ஹியூம் புலால் மறுத்தவராக வாழ்ந்தார் என்பதை நம் வாசகர்கள் அறிந்து மகிழலாம். அதற்கு முன் வீழ்ந்த உயிர்களின் கணக்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதனினும் கொடியது வட அட்லாண்டிக் கடலில் வாழ்ந்த பேரோக் என்னும் பறவையின் கதை. பறக்க இயலாத பெரிய பறவை அது. இறைச்சிக்கும் இறகுக்குமாகக் கொல்லப்பட்டு அருகியது. அருகிவிட்டது என்னும் செய்தியே அதன் விலையை உயர்த்தியது. பதப்படுத்திய உடலைத் தம் தொகுப்பில் வைத்துக்கொள்ளச் செல்வர்கள் போட்டியிட்டனர். 1844ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில், அறியப்பட்டவற்றுள் இறுதி இணை கொல்லப்பட்டது. தொகுப்பை நிறைவு செய்யும் ஆசை, தொகுக்கப்படும் இனத்தையே முடித்துவிட்டது.

இவ்வரலாற்றை வைத்துப் பார்க்கும்போது, துப்பாக்கியை வைத்துவிட்டுத் தொலைநோக்கியை எடுத்த மனிதனைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? நண்பரின் மகன் ஒரு சிற்றுயிரையும் துன்புறுத்தவில்லை. நோட்டுப் புத்தகத்தில் பெயரை எழுதிக்கொள்கிறான். பறவை தன் வழியிற் பறந்துவிடுகிறது. களவும் இல்லை, கொலையும் இல்லை. நாமும் முதலில் நண்பரிடம் இவ்வாறே சொன்னோம். அவர் நிறைவுறவில்லை என்பதை அவர் முகமே காட்டியது. எனவே இத்துறையில் இறுதிவரை சென்றவர்களின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினோம்.

அவர்களுள் நம் உள்ளத்தை விட்டு நீங்காதவர் ஃபீபி ஸ்நெட்சிங்கர் என்னும் அமெரிக்க அம்மையார். 1931இற் பிறந்தவர், புகழ்பெற்ற விளம்பர நிறுவனத் தலைவர் ஒருவரின் மகள், நான்கு மக்களின் தாய். 1965ஆம் ஆண்டில், அண்டை வீட்டுத் தோழி தந்த தொலைநோக்கியில், தழல் நிறத் தொண்டை கொண்ட சிறு குருவி ஒன்றைக் கண்டார். வீட்டுப் பணிகளுக்குள் அடைபட்டு ஒளி மங்கியிருந்த அவர் உள்ளத்தில் அக்குருவி ஒரு சாளரத்தைத் திறந்தது. 1981இல் அவருக்குத் தோற்புற்று நோய் முற்றிவிட்டதெனவும், ஓராண்டுக்கு மேல் வாழ்வது அரிதெனவும் மருத்துவர்கள் கூறினர். அவர் மருத்துவமனைக்குச் செல்லவில்லை. முன்னரே திட்டமிட்டிருந்தபடி அலாஸ்காவுக்குப் பறவை காணச் சென்றார். நோய் தணிந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் தணிந்தது. மருத்துவர் அளித்த ஓராண்டு பதினெட்டு ஆண்டுகளாக நீண்டது. அந்நாள்களையெல்லாம் அவர் பறவைகளுக்கே கொடுத்தார்.

கொடுத்தவை நாள்கள் மட்டுமல்ல. தம் தாயின் இறுதிச் சடங்கிற்கு அவர் செல்லவில்லை. தம் மகளின் திருமணத்திற்கும் செல்லவில்லை. இரண்டு சமயங்களிலும் பறவைப் பயணமே முன்னின்றது. 1986ஆம் ஆண்டு பப்புவா நியூ கினியில் கொடியவர் சிலரின் வன்முறைக்கு ஆளானார். அதன் பின்னரும் பயணத்தை நிறுத்தவில்லை. 1995இல் மெக்சிகோ நாட்டில் எட்டாயிரமாவது இனத்தைக் கண்டார். அவருக்கு முன் அந்த எண்ணை எட்டியவர் எவரும் இலர். 1999ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மடகாஸ்கர் தீவில், அறிவியலார் இரண்டே ஆண்டுகளுக்கு முன் பெயரிட்டிருந்த வாங்கா இனப் பறவை ஒன்றைக் கண்டபின், அவர் சென்ற வண்டி கவிழ்ந்து உயிர் துறந்தார். அப்போது வயது 68. கண்ட இனங்கள் ஏறத்தாழ 8,400. நோய் அவரைக் கொல்லவில்லை. அவர் நோயை எதிர்த்து நின்ற வழியே அவரைக் கொண்டுசென்றது.

இவ்வாழ்க்கையைப் படித்துவிட்டு வியப்பதா வருந்துவதா என நமக்கு விளங்கவில்லை. சாவு உறுதியென அறிந்த பின்னும் அஞ்சாது, அழாது, உலகின் உயிர்வகைகளை அறியப் புறப்பட்ட உள்ளத்தை இகழ முடியாது. நம்முள் எத்தனை பேர் அத்தகைய செய்தியைக் கேட்டபின் அடுத்த வேளை உணவை அமைதியாக உண்போம்? அதே நேரத்தில், மணக்கோலத்தில் நின்ற மகளின் கண்கள் கூட்டத்தில் தாயைத் தேடியிருக்குமே என்னும் எண்ணமும் நம்மை விடவில்லை.

அவருக்குப்பின் வந்தோர் பலர். நோவா ஸ்ட்ரைக்கர் என்னும் இளைஞர் 2015ஆம் ஆண்டில் ஒரே ஆண்டிற்குள் 41 நாடுகளிற் சுற்றி 6,042 இனங்களைக் கண்டார். அமெரிக்கத் தூதரகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பீட்டர் கேஸ்ட்னர் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டானாவோ தீவில் சிலந்திபிடிப்பான் ஒன்றைக் கண்டு பத்தாயிரத்தை எட்டினார். அதே நாள்களில் மற்றொருவரும் தாமே முதலில் எட்டியதாகக் கூற, யார் முந்தியவர் என்று பூசல் எழுந்தது. பத்தாயிரம் உயிர்வகைகளை நேரிற் காணும் பேறு பெற்றோர், எவர் முதல்வர் என்பதில் மனத்தைச் சிதற விடுவது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நம் கோயில் விழாக்களில் முதல் மரியாதை யாருக்கு என்று நடக்கும் பேச்சுகளை நினைத்துக்கொண்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

இவ்வளவு முயன்றும் எவரும் அனைத்தையும் கண்டாரில்லை. காணவும் இயலாது. உலகப் பறவையியலார் தம்முள் வேறுபட்டிருந்த பட்டியல்களை ஒன்றாக்கி 2025இல் வெளியிட்ட ‘அவிலிஸ்ட்’ என்னும் பட்டியலில் 11,131 இனங்கள் உள்ளன. இந்த எண்ணும் நிலையானதன்று. ஓரினம் என்று கருதப்பட்டது குரலாலும் குருதியாலும் ஆராயப்பட்டு இரண்டாகப் பிரிக்கப்படும். இரண்டெனக் கருதப்பட்டவை ஒன்றாக இணைக்கப்படும். வீட்டில் நாற்காலியில் அமர்ந்து பால் அருந்திக்கொண்டிருக்கும்போதே ஒருவருடைய கணக்கில் மூன்று கூடும், இரண்டு குறையும். பறவைக்கோ இச்செய்தி எதுவும் தெரியாது. இனம் என்னும் வேலி மனிதன் போட்டது. வேலியை அவனே நகர்த்துகிறான். நகர்ந்த வேலிக்குப் பின்னால் அவனே ஓடுகிறான்.

இங்கேதான் நண்பரின் வினாவிற்கு விடையின் தொடக்கம் நமக்குப் புலப்பட்டது. பரிக்கிரகம் என்பது பொருளின் அளவு அன்று, பொருளின்மேல் உள்ள மயக்கம். அதற்கு மூர்ச்சை என்றே நம் ஆசாரியர்கள் பெயரிட்டனர். அரண்மனையில் இருந்தும் மயங்காதவன் உண்டு; கோவணத்தின்மேல் மயங்கியவனும் உண்டு. அவ்வாறாயின் மயக்கத்திற்குக் கைப்பொருள் தேவையில்லை. ‘நான் கண்டது’ என்னும் சொல்லிலுள்ள ‘நான்’ வளர்வதற்குப் பறவை கூண்டில் இருக்க வேண்டுவதில்லை. நோட்டுப் புத்தகமே போதும். மேலும், பொன் சேர்ப்பவனுக்காவது ஒரு பொற்காசைப் போலவே அடுத்ததும் இனிக்கும். இனங்களைச் சேர்ப்பவனுக்கு முதலிற் கண்ட பறவையே எல்லாம். அதே இனத்தின் இரண்டாவது பறவை ஒன்றுமில்லை. குறித்தாயிற்று, அடுத்தது எங்கே என்று கண் நகர்ந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான காட்சியொன்று நம் கண்முன் நிற்கிறது. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்திலுள்ள பறவை மருத்துவமனை 1929இல் தொடங்கப்பட்டது. மின்விசிறியிலும் பட்ட நூலிலும் அடிபட்ட புறாக்களே அங்கு வருவனவற்றுள் மிகுதி. புலாலுண்ணும் பறவைகளுக்குப் புறநோயாளிகளாக மட்டுமே சிகிச்சை, கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். இவ்விதியைப் பற்றி நமக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. அது வேறு பேச்சு. அங்குள்ளவர்களுக்கு ஆயிரமாவது புறாவும் முதற்புறாவைப் போன்றதே. இனங்களின் கணக்கில் அவர்கள் ஆண்டு முழுவதும் பார்ப்பவை மிகச் சிலவே. உயிர்களின் கணக்கில்? அருங்காட்சி காண்பவனும் அருள் காட்டுபவனும் ஒரே பறவையைப் பார்க்கிறார்கள் என்று நாம் சொல்லிவிட முடியுமா?

காணும் வழியும் கருதத்தக்கது. மறைந்து வாழும் பறவையை வெளிக்கொணர, அதன் குரலைப் பதிவுக்கருவியில் ஒலிக்கச் செய்கிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி புகுந்ததாக எண்ணி அது கூட்டைவிட்டு வெளிவந்து பதறுகிறது. கூடு கட்டும் பருவத்தில் இவ்வாறு மீண்டும் மீண்டும் செய்வது தீங்கென்று பறவையியலாரே கண்டிக்கின்றனர். சில நாடுகளில் ஆந்தையைப் படம்பிடிக்க உயிருள்ள எலியை விடுகிறவர்களும் உள்ளனர். ஓர் ஐயறிவுயிரைக் காண்பதற்கு மற்றோர் ஐயறிவுயிரைப் பலியிடும் இச்செயலுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. நண்பரின் மகனிடம் இதைக் கேட்டோம். எலி விடுவோரைத் தான் அருவருப்பதாகவும், குரல் ஒலிப்பதை இருமுறை செய்திருப்பதாகவும், பின்பு விட்டுவிட்டதாகவும் மறைக்காமற் சொன்னான். வானூர்திகளில் ஆயிரக்கணக்கான மைல் பறந்து, பறவைகளின் பனிமலையையும் காட்டையும் சுடவைக்கும் புகையில் தன் பங்கைச் சேர்ப்பது பற்றிக் கேட்டபோது மட்டும் அவன் விடை சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதிய நாம் ஒன்றை மறைத்தல் முறையன்று. நாமும் ஒரு பட்டியல்காரரே. இளமையில், தமிழகத்தில் ஜினாலயமோ, கற்படுக்கையோ, பாறைச் சிற்பமோ உள்ள மலைகள் அனைத்தையும் கண்டுவிடுவதென்று உறுதி பூண்டு, ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில் ஊர்ப்பெயர்களை எழுதி வைத்திருந்தோம். திருமலை, வள்ளிமலை, திருநாதர் குன்று, சித்தன்னவாசல் என ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே வந்தோம். கழுகுமலையில் ஏறியபோது அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிடமே இருந்தது. வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் முன் ஓட்டமும் நடையுமாகச் சென்று, எண்ணி, எழுதிக்கொண்டு இறங்கிவிட்டோம். பேருந்தில் அமர்ந்த பின்னரே, எந்த உருவின் முன்னும் நின்று வணங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. புத்தகத்தில் சிவப்புக் கோடு மட்டும் ஒழுங்காக விழுந்திருந்தது.

அம்மலையின் பெயரிலுள்ள கழுகு பற்றியும் ஒரு சொல். பிணந்தின்னிக் கழுகாகிய பாறுகள் நம் நாட்டில் ஒருகாலத்தில் எங்கும் வட்டமிட்டன. 1990களில் அவை மளமளவென்று மறையத் தொடங்கின. கால்நடைகளுக்கு வலி தீரச் செலுத்திய டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்ததே காரணமெனப் பின்னர்த் தெரிந்தது. 2006இல் அம்மருந்து கால்நடை மருத்துவத்தில் தடைசெய்யப்பட்டது. அதற்குள் சில இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அழிந்துவிட்டன. பசுவின் வலியைப் போக்கும் நல்லெண்ணத்தோடு ஊசி போட்ட எவரும் பாறுகளைக் கொல்ல எண்ணவில்லை.

பாறுகள் குறைந்தன என்பது எவ்வாறு தெரிந்தது? எண்ணி எழுதி வைத்தவர்கள் இருந்ததால் தெரிந்தது. இதை மறைத்துவிட்டுப் பறவை காண்போரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது. 2023ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த மூன்று கோடிக் குறிப்புகளிலிருந்து உருவாயிற்று. ஸ்நெட்சிங்கர் அம்மையாரும் வெறும் எண்களைக் குவித்தவரல்லர். கண்ட பறவையின் உள்வகை, இடம், தோற்றம் ஆகியவற்றை நுணுக்கமாகக் குறித்துவைத்தவர். இங்கே அநேகாந்தத்தைத் துணைக்கு அழைத்து, இரு பக்கமும் ஒருவகையிற் சரியே என்று நழுவிவிடுவது எளிது. அக்கோட்பாடு முடிவு சொல்ல அஞ்சுவோர்க்கு மறைவிடமாக அருளப்பட்டதன்று என்பதால் நாம் அவ்வாறு செய்யவில்லை.

நமக்கு வழி காட்டியது மற்றொரு நிகழ்ச்சி. அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் வனப்பகுதியில், வானியல் அறிஞராகிய ரமணா ஆத்ரேயா 1995இல் முன்பின் அறியாத பறவையொன்றைக் கண்டார். பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டார். புதிய இனமென்று அறிவிக்க வேண்டுமாயின் ஒரு பறவையைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பது வழக்கம். அவர் கண்டிருந்தவையோ பதினான்கே. ஒன்றைக் கொல்வதும் அவ்வினத்திற்குப் பேரிழப்பாகுமென அவர் மறுத்தார். வலையிற் பிடித்து, அளந்து, படமெடுத்து, வலையில் உதிர்ந்த இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு பறந்துபோக விட்டார். அப்பகுதி மக்களாகிய புகுன் பழங்குடியினரின் பெயரையே அதற்குச் சூட்டி 2006இல் அறிவித்தார். அந்த மக்கள் தம் காட்டில் ஒரு பகுதியைக் காப்பகமாக்க முன்வந்து, 2017இல் அது அறிவிக்கப்பட்டது. மயில் தானாக உதிர்த்த பீலியை மட்டும் கொண்டு சிற்றுயிர்களை விலக்கி நடக்கும் நம் முனிவர்களின் கைப்பிஞ்சி நமக்கு நினைவுக்கு வந்தது. பறவை உதிர்த்ததற்கு மேல் ஒன்றும் வேண்டாமென்று நிறுத்திக்கொள்ளவும் அறிவியலுக்கு இயலும் என்பதை அங்கே கண்டோம்.

நிறுத்திக்கொள்ளுதல் என்பதே நாம் தேடிய சொல். சிராவகர்க்கு உரிய குணவிரதங்களுள் திக்விரதம் ஒன்று. இன்ன திசையில் இன்ன ஆறுவரை, இன்ன மலைவரை, அதற்கப்பால் செல்லேன் என்று வாழ்நாள் எல்லை வகுத்துக்கொள்வது அது. இளமையில் இதைப் படித்தபோது, வணிகர் வண்டி கட்டிச் சென்ற காலத்து விதி, இக்காலத்திற்குப் பொருந்தாது என்று நாம் ஒதுக்கியதுண்டு. இப்போது அவ்வாறு தோன்றவில்லை. எல்லைக்கு அப்பாலுள்ளவை தீயவை என்பதனால் அன்று அவ்விதி. அப்பாலுள்ள உயிர்கள் நம் கையாலும் காலாலும் கண்ணாலும் தொல்லையுறாமல் இருக்கட்டும் என்பதற்காகவும், இப்பாலுள்ளோர்க்கு நாம் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவுமே. அனைத்தையும் ஒருங்கே காணும் கேவலஞானம் பற்றி நம் நூல்கள் பேசுகின்றன. அந்நிலையை அடைந்தவர் காண விரும்பி அடைந்தவரல்லர். விருப்பம் முற்றும் அற்ற பின்னரே அது எய்தியது. பயணச்சீட்டு வாங்கி அதனை நெருங்க முடியாது.

எனவே நண்பரிடம் நாம் சொன்னது இது: மகன் பறவை காண்பது குற்றமன்று, நன்று. அனைத்தையும் காண்பேன் என்பதில் எல்லை இல்லை. எல்லையில்லாத எதுவும் வீட்டிலுள்ள ஒருவருடைய பங்கை எடுத்துக்கொண்டே வளரும். அவனே ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளட்டும். அதை நீர் வகுக்கலாகாது. பிறர் வகுத்தது விரதமாகாது.

இதை நண்பர் மகனிடம் எவ்வாறு சொன்னாரோ அறியோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே நம் இல்லம் வந்தான். வணங்கி அமர்ந்து, “மாமா, அப்பா உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவருக்கே தெரியாது. புறப்படும் முன் போகட்டுமா என்று பாட்டியைத்தான் கேட்டேன். போய் வா, திரும்பி வந்து அது எப்படிக் கூவிற்று என்று எனக்குச் சொல் என்றார். காட்டிலிருந்து தொலைபேசியில் சொல்ல முயன்றேன். இணைப்புக் கிடைக்கவில்லை” என்றான். நாம் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பாட்டிமார் எல்லாரும் போய் வா என்றுதான் சொல்வார்கள், தம்பி” என்றோம். “அதுவும் தெரியும், மாமா” என்றான். இரண்டாவது பறவையை நீங்கள் பார்ப்பதில்லையே என்ற நம் குறையையும் அவனிடம் சொன்னோம். அது பழைய முறை என்றான். இப்போது அவர்கள் பதிவு செய்யும் கணிப்பொறிப் பட்டியலில், எந்த இடத்தில் எந்தப் பறவை எத்தனை என்று எழுத வேண்டுமாம். காகத்தையும் எண்ண வேண்டுமாம். இது நமக்குத் தெரியாதிருந்தது. மேலே எழுதியதை அழிக்காமல் விட்டிருக்கிறோம். பழைய முறையில் நிற்போரும் உண்டு என்பதால்.

தை மாதத்தில் தந்தையும் மகனும் நம்மை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றனர். வந்தவாசியிலிருந்து தொலைவில்லாத அவ்வேரியைக் குழந்தைப் பருவத்திற் கண்டிருக்கிறோம். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமென அறிந்த அவ்வூரார், வெளியார் வந்து சுடுவதை எதிர்த்து முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள். ஏரி நடுவே கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கூடியிருந்தன. மகனுக்குப் புதிய இனம் ஒன்றும் அங்கில்லை. ஆயினும் கரையில் அமர்ந்து எண்ணத் தொடங்கினான். தொலைநோக்கியைத் தந்தையிடம் கொடுத்து, நடுவிலிருந்த ஒரு மரத்து நீர்க்காகங்களை எண்ணச் சொன்னான். நண்பர் நெடுநேரம் பார்த்து முப்பத்திரண்டு என்றார். அவன் முப்பத்தைந்து என்றான். ஒருவர் எண்ணியதை மற்றவர் ஒப்பவில்லை. அடியிலிருந்த கிளையிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கினார்கள்.